சித்தப்பாவின் குரலைப் பொட்டலம் கட்டியபோது

என் சித்தப்பா சிங்கப்பூரில் ஒரு மாதிரியும் மலேசியாவில் பாசிர் கூடாங்கில் வேறு மாதிரியும் பேசிக்கொண்டிருந்தார். ஆள் ஒருவர்தான், குரலும் ஒன்றுதான், அவரைப் பேச வைத்த மென்பொருளும் நான் எழுதிய ஒன்றேதான். மகள் வீட்டு மேக் கணினியில் “எனக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்” என்று செய்தி வாசிப்பவரைப் போலச் சொன்னவர், தன் வீட்டு விண்டோஸ் கணினியில் “அலமாக், இது என்னா கொழம்பா, புளித்தண்ணியா?” என்று மலாய் கலந்து அலுத்துக்கொண்டு சித்தியை வம்புக்கு இழுத்தார். இது எப்படி என்று துருவிப் பார்க்கப் போய்த்தான், இத்தனை வருடம் நான் செய்துவரும் வேலையைப் பற்றியே எனக்குச் சில விஷயங்கள் புரிந்தன.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் பாருவில் ஒரு சிறிய நிறுவனம். தொழிற்சாலைகளில் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடைகளுக்கு மென்பொருள் செய்கிறோம். மற்றவர்கள் எழுதுவார்கள். எழுதியதை எந்தக் கணினியில் கொண்டுபோய் வைத்தாலும் ஓடும்படி கட்டிக் கொடுப்பது என் பாடு. எழுதியவரைக் கேட்டால் “என் கம்ப்யூட்டர்ல ஓடுதே” என்பார். ஓடும், ஏன் ஓடாது? அவர் கணினியில் அதற்கு வேண்டிய துணைக் கோப்புகள், எழுத்துருக்கள், அவரே மறந்துபோன ஏதோ ஓர் அமைப்பு எல்லாம் ஏற்கனவே இருக்கும். வாடிக்கையாளரின் கணினியில் அது எதுவும் இருக்காது. ஒரு நிரல் வாய்விட்டுச் சொல்லாமல் எதையெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு தீராத ஆசை. வீட்டில் நான் லினக்ஸ் வைத்திருக்கிறேன். விண்டோஸும் மேக்கும் அதே நிரலை எப்படி நடத்துகின்றன என்று பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு மாதிரி.

இதைச் சித்தப்பாவுக்கு ஒருமுறை விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப நீ புங்குஸ் கட்டற ஆளுன்னு சொல்லு” என்றார். கடையில் சாப்பாட்டை வீட்டுக்கு எடுத்துப்போகக் கட்டித் தருவதற்கு இங்கே எல்லாரும் சொல்லும் மலாய் வார்த்தை அது. அதற்குப் பிறகு கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே பார்த்தாலும், “எங்கண்ணன் மக. கம்ப்யூட்டர்ல புங்குஸ் கட்டுது” என்றுதான் என்னை அறிமுகம் செய்வார். எனக்குக் கோபம் வரும். ஆனால் என் வேலையை அதைவிடச் சரியாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

சித்தப்பா பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்று அவர் கத்தினால் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அன்று ஆஸ்பத்திரி வாசலில் சித்தி அழுதாள். சித்தப்பா மட்டும் கார் நிறுத்தத்தில் நெருக்கியடித்து நின்றிருந்த ஒரு வேனைப் பார்த்து, யாரடா இவனுக்கு லைசன்ஸ் கொடுத்தது என்று திட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அப்போது எனக்கு உறைத்தது.

அவர் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்றேன். திரையில் பெரிய பெரிய பொத்தான்கள், தொட்டால் அவர் குரலிலேயே வாக்கியம் வரும். போனிலேயே செய்யலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். சித்தப்பாவின் விரல் ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல், ஒரு பொத்தானைத் தொட்டால் மூன்று அமுங்கும். அவர் வீட்டு உணவு மேசையில் தொடுதிரை வைத்த பழைய கணினி ஒன்று சும்மா கிடந்தது. தவிர, எனக்குத் தெரிந்தது மேசைக் கணினிதான். தெரிந்த வேலையைச் செய்வதில் என்ன வெட்கம்?

அவர் படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்து, மின்விசிறியை நிறுத்தி, பதிவு செய்தோம். வாக்கியங்களை நானே எழுதியிருந்தேன். நர்ஸுக்கும் புரிய வேண்டும், வெளியாளுக்கும் புரிய வேண்டும் என்று நல்ல தமிழில் எழுதினேன். சித்தப்பா பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல விறைப்பாக உட்கார்ந்து வாசித்தார்.

“எனக்குப் பசிக்கிறது. பாப்பா, இப்படி எவன் பேசுவான்? பசிச்சா நான் எங்க சொல்றேன், நேரா போயி சட்டிய தொறந்து பாப்பேன்.”

“சித்தப்பா, எழுதியிருக்கறத மட்டும் படிங்க.”

“சரி சரி, கோவப்படாத லா. எனக்குப் பசிக்கிறது.”

நாற்பது வயதாகியும் நான் அவருக்குப் பாப்பாதான். மதியம் ஜன்னல் மெத்தையை விலக்கிவிட்டு அங்கேயே சாப்பிட உட்கார்ந்தபோது மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். அதுவும் பதிவாகிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒலியை வெட்டினேன். சுத்தமாக வந்த வாக்கியங்களைக் கணினியில் ஓர் உறையில், அதாவது ஃபோல்டரில், வைத்தேன். மிச்சம் விழுந்ததையெல்லாம், அவர் திட்டியது, சிரித்தது, வேலிக்கு வெளியே யாரையோ கூப்பிட்டது எல்லாவற்றையும், கணினி தானாக மௌனம் பார்த்துத் துண்டு போட்டு எண் கொடுத்தது. அதற்குக் ‘கழிவு’ என்று பெயர் வைத்து உள்ளேயே இன்னோர் உறையில் தள்ளினேன். எதையும் அழிப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். ஆனால் வாடிக்கையாளருக்கு அனுப்பும் பொட்டலத்தில் குப்பை போகக் கூடாது. ஆகவே ‘கழிவு உறையை விட்டுவிட்டுக் கட்டு’ என்று ஒரு விதியையும் எழுதி வைத்தேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது வண்டு போல இரைந்ததும் சித்தப்பா அதைத் தள்ளி வைத்துவிட்டார். அதன் பிறகு ஓய்வுக்காக அவரும் சித்தியும் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போனார்கள். அந்த மகள் என் தங்கச்சி முறை. அவளிடம் இருந்தது மேக். மேக்குக்குக் கட்ட மேக்தான் வேண்டும் என்பதால் ஆபீஸ் தோழி ஒருத்தியிடம் கடன் வாங்கிக் கட்டி அனுப்பினேன்.

“அக்கா, இதைத் தொறக்கவே விட மாட்டேங்குது. நீ யாருன்னே தெரியாதாம்” என்று தங்கச்சி போன் செய்தாள். கையொப்பம் இல்லாத பொட்டலத்தை மேக் லேசில் உள்ளே விடாது. எங்கே போய் எதை அனுமதிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

சித்தப்பா அதைக் கொஞ்ச நாள் அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். “தப்பா நெனைக்காதக்கா, அது அப்பா மாதிரியே இல்ல. எம்ஆர்டி ரயில்ல அறிவிப்பு சொல்ற மாதிரி இருக்கு” என்றாள் தங்கச்சி. எனக்குச் சுருக்கென்றது. அவர் குரல்தானே, வேறென்ன வேண்டுமாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பிறகு நிலைமை மோசமானது. முன்பெல்லாம் தங்கச்சி தினமும் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அப்பாவைக் கூப்பிடுவாள். ஒரு மணி நேரம்கூடப் பேசுவார்கள். இப்போதும் கூப்பிட்டாள். சித்தி போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைப்பாள். தங்கச்சி இரண்டு நிமிடம் பேசுவாள், பிறகு “ப்பா, கேக்குதா? லைன் கட்டாயிருச்சா?” என்பாள். “இருக்காரும்மா, இருக்காரு” என்று சித்தி குரல் கொடுப்பாள். மறுபடி அதே கேள்வி வரும். சில நாட்களில் போன் அடித்தாலே சித்தப்பா எழுந்து பின்பக்கம் போக ஆரம்பித்தார். கையில் வைத்திருந்த சின்ன வெள்ளைப் பலகையிலும் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். இந்த மனிதர் பேச்சோடு சேர்த்து எங்களையும் விட்டுவிடுவாரோ என்ற பயம் எங்கள் மூன்று பேருக்கும் வந்துவிட்டது.

அந்த வாரம்தான் அவர் வீட்டுக் கணினியில் விண்டோஸ் பொட்டலத்தைப் போட்டேன். இரண்டு வாக்கியம் ஓடுகிறதா என்று சரிபார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். இரண்டொரு நாளில் வேலை நேரத்தில் சித்தி கூப்பிட்டாள்.

“பாப்பா, அந்த கம்ப்யூட்டர்ல கீழ தள்ளிக்கிட்டே போனா நம்பர் நம்பரா பட்டன் வருது. எழுத்தே இல்ல. உன் சித்தப்பா அதையே நோண்டிக்கிட்டு…”

அவளை முழுதாகச் சொல்ல நான் விடவில்லை. கேட்டவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. கழிவு உறை பொட்டலத்துக்குள் போயிருக்கிறது. எப்படி? என் விதியில் உறைக்குள் உறை என்று காட்டப் போட்டிருந்த சாய்கோடு லினக்ஸும் மேக்கும் போடுகிற சாய்கோடு. விண்டோஸ் அதே கோட்டை எதிர்ப்பக்கம் சாய்த்துப் போடும். அங்கே கட்டும்போது என் விதி அந்த உறையைத் தேடியிருக்கிறது, அடையாளம் தெரியாமல் விட்டிருக்கிறது. மூன்று உலகத்தில் ஒன்றில் மட்டும் வாசற்படி வேறு பக்கம். இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடித்தால் எனக்கு அன்று சாப்பாடே தனி ருசியாக இறங்கும். மதிய இடைவேளையிலேயே திருத்தி, மூன்றுக்கும் புதிய பொட்டலம் கட்டி, அனுப்பிவிட்டேன். புதிய பதிப்பு வந்தால் நிரல் தானாகவே இறக்கிக்கொள்ளும்படி ஏற்கனவே செய்து வைத்திருந்தேன். இனி எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரே திருப்தி.

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனால் கணினியின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு ஒலியில்லாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சித்தி என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“என்னா பண்ணுன நீ? ரெண்டு நாளா மனுசன் திட்டிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டு, பழையபடி இருந்தாரு. கொழம்பு வச்சா புளித்தண்ணியான்னு கேட்டாரு. எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. நேத்து காலையில தொறந்தா ஒண்ணையும் காணோம். எனக்கு தண்ணீர் வேண்டும், எனக்கு தண்ணீர் வேண்டும். அவர் வாயை அடைச்சிட்டியே பாப்பா!”

அவள் சொன்னதை நான் போனில் முழுதாகக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த நிமிடம் எனக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் முந்திக்கொண்டது. அந்தக் கழிவு உறையில் அப்படி என்னதான் இருக்கிறது? வெட்டிப் போட்டவள் நான், ஆனால் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மடிக்கணினியைத் திறந்து சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் துண்டை ஓட விட்டேன். “பாப்பா, இப்படி எவன் பேசுவான்?” சித்தப்பா டிவியை அணைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் ஒவ்வொன்றாக ஓட விட, வேண்டுமென்றால் தலையை ஆட்டினார், வேண்டாமென்றால் கையை வீசினார். வைத்துக்கொண்டதற்கெல்லாம் பலகையில் பெயர் எழுதிக் காட்டினார். புளித்தண்ணி. லைசன்ஸ் இல்லாதவன் போல இடிக்காதே. பக்கத்து வீட்டு மலாய்க்காரரை வேலிக்கு மேலாகக் கூப்பிட்டு “ஓய், சுடா மாக்கான்?”, அதாவது சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டது ஒன்று. அதைக் கேட்டதும் மேசைக் கணினியின் மேல் போர்த்தியிருந்த துண்டை உருவிப் போட்டுவிட்டு, அதை அந்தக் கணினியில் உடனே வை என்று சைகை காட்டினார். வைத்தேன். ஒலியை உச்சத்துக்கு ஏற்றி, ஜன்னலைத் திறந்து, பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வரும் வரை காத்திருந்து அமுக்கினார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த அந்த மனிதர் குழாயைக் கீழே போட்டுவிட்டார். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு தெரு முழுவதும் கேட்டது.

மறுபடி வந்து உட்கார்ந்தோம். நிறையத் துண்டுகள் மிகச் சின்னவை. இருமல், நாற்காலி கிறீச்சிடுவது, ஒரு மூச்சு. அவற்றைக் கேட்காமலே தாண்டிக்கொண்டு போனேன். ஒன்று ஓடிவிட்டது: “ம்.” அடுத்ததற்குப் போனேன். சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். திரும்பப் போ என்று விரலைக் காட்டினார்.

“ம்.”

இன்னொரு தடவை என்றார். நான் அவருக்கு மைக்கை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு தள்ளி உட்காருவது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டுக்கொண்டே சொன்னது அது. தேடிப் பார்த்தால் அந்த மாதிரி நிறைய இருந்தன. புரிந்துவிட்டது என்கிற ம். மேலே சொல் என்று ஏற்றி இழுக்கிற ம். நீ சொல்வதை நான் நம்பவில்லை என்று மூக்கால் இழுக்கிற ஒன்று. சித்தப்பாவின் கண் கலங்கிவிட்டது.

“இது எதுக்கு சித்தப்பா? ஒரு வார்த்தைகூட இல்லையே” என்றேன்.

பலகையில் இரண்டு சொல் எழுதினார். ‘மக பேசறப்ப.’

அப்போதுதான் அந்தப் போன் எனக்குப் புரிந்தது. நம் ஆட்களிடம் யாராவது ஒன்றைச் சொல்லத் தொடங்கினால், கேட்பவர் ம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொட்டாவிட்டால் சொல்கிறவருக்கு ஓடாது. தங்கச்சி பஸ்ஸில் வரும்போது ஒரு மணி நேரம் பேசினாள் என்றால், பேசியது அவள்தான். சித்தப்பா செய்ததெல்லாம் ம் கொட்டியதுதான். அந்த ஆண்டவன் அவரிடமிருந்து பேச்சை எடுத்தான், சரி. கேட்டுக்கொண்டிருப்பதையும் சேர்த்தல்லவா எடுத்துவிட்டான்! இந்தப் பக்கம் மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பக்கம் அவளுக்கு அது லைன் கட்டானது போல இருந்திருக்கிறது. அவள் கேட்கக் கேட்க இவருக்கு அங்கே உட்காரவே முடியாமல் போயிருக்கிறது. நான் கட்டிய பொட்டலத்தில் அவருக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. அவர் மட்டும் இல்லை.

திரையின் அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீளமாக ம் பொத்தான்களை வைத்தேன். என் லினக்ஸ் மடிக்கணினியில் அமுக்கியவுடன் வந்தது. அவர் கணினியில் போட்டால் தொட்டு ஒரு நொடி கழித்து வந்தது. வாக்கியம் ஒரு நொடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. ம் ஒரு நொடி தாமதித்தால் கேட்பவர் யோசிக்கிறார், ஏதோ மறைக்கிறார் என்று ஆகிவிடும். சித்தப்பாவே முகத்தைச் சுளித்தார். ஏன் இந்தத் தாமதம் என்று அன்று மாலை முழுவதும் தேடினேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லாவிட்டால் அந்தக் கணினி ஒலிப்பெருக்கியைத் தூங்க விட்டுவிடுகிறது, அடுத்த ஒலிக்கு அதை எழுப்ப நேரம் எடுக்கிறது. கடைசியில், காதுக்குக் கேட்காத வெறும் மௌனத்தை ஒலியாக இடைவிடாமல் ஓட விட்டு அதை விழித்திருக்க வைத்தேன். வேலை செய்தது. சித்தி பின்னால் நின்று, “இதுக்கா இவ்வளவு நேரம்?” என்றாள். சித்தப்பா அமுக்கிய நம்பாத ம் உடனே வந்தது. சித்தி அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

கழிவு என்ற பெயரை மாற்றினேன். விலக்கச் சொன்ன விதியை எடுத்துப் போட்டேன். மேக் பொட்டலத்தைத் தோழியின் கணினி கைக்கு வந்ததும் கட்டி அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டேன். தங்கச்சிக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று சித்தப்பா சைகை காட்டினார்.

நான் கிளம்புவதற்குள் போன் அடித்தது. சித்தப்பா எழுந்து போகவில்லை. போனைத் தானே எடுத்து, ஸ்பீக்கரைத் தட்டி, கணினி ஒலிப்பெருக்கிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

“ப்பா, பஸ் இப்பதான் கெடச்சது. சனிக்கெழமைன்னு பேரு, இன்னிக்கும் வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க.”

“ம்.”

“அந்த மேனேஜர் இருக்கான்ல, நேத்து என்ன பண்ணுனான் தெரியுமா? என் லீவ வேற ஆளுக்கு குடுத்துட்டான்.”

“ம்.”

“நான் விடல. நேரா போயி கேட்டுட்டேன்.”

மூக்கால் இழுக்கிற அந்த ம்மைச் சித்தப்பா அமுக்கினார்.

“நெசமாப்பா! நீங்க நம்ப மாட்டீங்க. ரெண்டு பேர் சாட்சி இருக்காங்க. நான் போயி…”

அங்கே நின்றுவிட்டாள். பஸ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் அடங்கியது. சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லைன் கட்டாகிவிட்டதோ என்று எனக்கே தோன்றியது. சித்தப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை நகர்த்தி, மேலே சொல் என்று ஏற்றி இழுக்கிற ம்மைத் தொட்டார்.

“ம்?”

தங்கச்சி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அப்புறம்,” என்றாள். குரல் உடைந்தது. “அப்புறம் நான் போயி அவன்கிட்ட என்ன கேட்டேன்னா, ப்பா…”